தொழிற்சாலைக் கூரையில் சோலார்: பலன் எவ்வளவு, யாருக்கு?

"எங்கள் நிறுவனம் 100 சதவீதம் சூரிய மின்சாரத்தில் இயங்குகிறது." திருப்பூர், கோவை, கரூர் பக்கத்து ஏற்றுமதி நிறுவனங்களின் விளம்பரங்களில் இந்த வரி இப்போது அடிக்கடி வருகிறது. அதே நிறுவனங்களில் இரவு ஷிப்டும் ஓடுகிறது, கொதிகலன் புகைபோக்கியில் புகையும் வருகிறது, மாதம் தவறாமல் ஈ.பி. பில்லும் வருகிறது. அப்படியானால் அந்த 100 சதவீதம் எதைச் சொல்கிறது? அது சுற்றுச்சூழலுக்கு உண்மையிலேயே என்ன செய்கிறது? அதில் தொழிலாளிக்கும் ஊருக்கும் கிடைப்பது என்ன?

பெரும்பாலும் அந்த வரி பொய்யில்லை. ஆனால் அது ஓர் ஆண்டுக் கணக்கு. ஒரு நிறுவனம் வாங்கும் சூரிய மின்சாரத்தின் பலனை எடைபோட, ஒவ்வொரு யூனிட்டும் எந்த நேரத்தில், எந்த இடத்தில் உற்பத்தியானது, எதற்குப் பதிலாக வந்தது என்று பார்க்க வேண்டும்.

## அடிப்படையில் நான்கு விஷயங்கள்

1. கிலோவாட் வேறு, யூனிட் வேறு. கிலோவாட் என்பது பேனலின் திறன். யூனிட் என்பது அது உண்மையில் தந்த மின்சாரம். தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் அளவில் தரும். ஆண்டுக்குச் சுமார் 1,400 யூனிட். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இது குறையும், மார்ச், ஏப்ரலில் கூடும்.

2. நிழலில்லாத இடம் வேண்டும். 1 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். புதிய பேனல்களுக்கு இதைவிடக் குறைவாகவும் போதும். விசாலமான கூரையும், பகலில் ஓடும் இயந்திரங்களும் உள்ள பின்னலாடைத் தொழிற்சாலைக்கும் நூற்பாலைக்கும் சோலார் இயல்பாகப் பொருந்துவது இதனால்தான்.

3. கரண்ட் போனால் சோலாரும் நிற்கும். பேட்டரி இல்லாமல், மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் இன்வெர்ட்டர்கள்தான் தொழிற்சாலைகளில் அதிகம். லைனில் மின்சாரம் இல்லாதபோது அவை தாமாகவே அணைந்துவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. ஜெனரேட்டரோடு இணைத்து ஓட்டத் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும்.

4. பில் முழுதாகக் குறையாது. உயரழுத்த இணைப்பில் யூனிட் கட்டணம் தவிர டிமாண்ட் சார்ஜ் என்று ஒன்று உண்டு. அது நிறுவனம் எடுக்கும் உச்சபட்ச அளவுக்கானது. மாலை ஏழு மணிக்கு அந்த உச்சம் வந்தால், பகலில் எவ்வளவு சோலார் ஓடியிருந்தாலும் டிமாண்ட் சார்ஜ் அசையாது.

## 100 கிலோவாட் கூரை எதைத் தவிர்க்கிறது?

நடுத்தர அளவிலான ஓர் ஆடைத் தொழிற்சாலை 100 கிலோவாட் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் 1.4 லட்சம் யூனிட் கிடைக்கும்.

இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்பது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. நிலக்கரி, நீர், காற்று, அணு எல்லாம் சேர்ந்த சராசரி அது. அதன்படி 1.4 லட்சம் யூனிட் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 100 டன். நிறுவனங்களின் அறிக்கைகளில் வரும் எண் இப்படிப் பெருக்கிக் கிடைப்பதுதான்.

அறிக்கைகளில் அதிகம் இடம்பெறாத இரண்டு விஷயங்களையும் நான் இதே அளவு முக்கியமாக நினைக்கிறேன். ஒன்று சாம்பல், இன்னொன்று தண்ணீர்.

ஒரு யூனிட் அனல் மின்சாரத்துக்கு இந்திய நிலக்கரி சுமார் 0.7 கிலோ எரிகிறது. அந்த நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் சாம்பலாகவே மிஞ்சும். ஆக, அந்தக் கூரை தரும் 1.4 லட்சம் யூனிட்டும் நிலக்கரி மின்சாரத்துக்குப் பதிலாக வந்தால் ஆண்டுக்கு 30 டன்னுக்கு மேல் சாம்பல் தவிர்க்கப்படுகிறது. சாம்பல் எங்கோ காற்றில் கரைந்து போகிற பொருள் இல்லை. வடசென்னை அனல் மின்நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டி வாழும் செப்பாக்கம் மக்களின் வீட்டுக்குள் அது வருகிறது. சாம்பல் கொண்டுபோகும் குழாய்களின் கசிவு கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் படிந்து, இறால் பிடித்து வாழ்ந்த குடும்பங்களின் தொழிலைக் கெடுத்தது. திருப்பூரில் ஒருவர் கூரையில் பேனல் போட்டால் அதன் முதல் சுற்றுச்சூழல் பலன் திருப்பூரில் தெரியாது. அது எண்ணூரிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் தெரிய வேண்டிய பலன்.

அடுத்தது தண்ணீர். குளிர்விப்புக் கோபுரம் உள்ள பழைய அனல் நிலையங்கள் ஒரு யூனிட்டுக்கு அதிகபட்சம் 3.5 லிட்டர் நீர்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2015-ல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் விதித்தது. 3 லிட்டர் என்று குறைத்து வைத்தாலும் 1.4 லட்சம் யூனிட்டுக்கு 4.2 லட்சம் லிட்டர். அதாவது 12,000 லிட்டர் பிடிக்கும் லாரி 35 தடவை. கடலோர நிலையங்கள் குளிர்விக்கக் கடல்நீரைப் பயன்படுத்துவதால் இந்தக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. காவிரித் தண்ணீரை எடுக்கும் மேட்டூருக்குப் பொருந்தும். நெய்வேலியில் கதை வேறு: பழுப்பு நிலக்கரியை வெட்டுவதற்காகவே நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைக்கிறார்கள்.

"பேனல் தயாரிக்கவே ஏகப்பட்ட கரண்ட் ஆகுமே, அப்புறம் என்ன லாபம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2014 அறிக்கையில், சுரங்கம் முதல் கழிவு வரை எல்லாம் சேர்த்துக் கூரைச் சோலாருக்கு ஒரு யூனிட்டுக்கு 41 கிராம், நிலக்கரிக்கு 820 கிராம் என்று இடைநிலை மதிப்பு கொடுத்தது. 20 மடங்கு வித்தியாசம். பேனலைச் செய்யச் செலவான ஆற்றலை நம் ஊர் வெயிலில் அது ஓரிரு ஆண்டுகளில் திருப்பித் தந்துவிடும். அதன் ஆயுள் 25 ஆண்டு.

## சோலார் எட்டாத இடங்கள்

சாயப்பட்டறையையே எடுத்துக்கொள்வோம். துணிக்குச் சாயமேற்ற வெந்நீரும் நீராவியும் வேண்டும். அவை வருவது கொதிகலனிலிருந்து. கொதிகலனில் எரிவது விறகு, நிலக்கரி, அல்லது விவசாயக் கழிவுக் கட்டிகள். கூரையில் எத்தனை பேனல் போட்டாலும் அந்த அடுப்பு அணையாது. தையல் பிரிவு மட்டும் உள்ள தொழிற்சாலையில் சோலார் பெரிய பங்கைச் சுமக்கும். நூல் முதல் ஆடை வரை எல்லாம் ஒரே வளாகத்தில் செய்யும் நிறுவனத்தில் அதன் பங்கு வெகுவாகச் சுருங்கிவிடும்.

அதே சாயத் தொழிலில் சோலார் நேரடியாக உதவும் ஒரு முனையும் இருக்கிறது. நொய்யலில் சாயக்கழிவு கலந்து, 1992-ல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கே பயன்படாத நஞ்சுத் தேக்கமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியேறாத சுத்திகரிப்பு இருந்தால்தான் மீண்டும் திறக்கலாம் என்ற நிலை வந்தது. அந்தச் சுத்திகரிப்பில் சவ்வூடு வடிகட்டலுக்கு அழுத்தம் கொடுக்கும் பம்புகள், உப்புநீரை ஆவியாக்கும் கருவிகள் எல்லாம் மின்சாரத்தை வாரிக் குடிப்பவை. ஆற்றைக் காப்பாற்ற இன்னோர் ஊரில் நிலக்கரி எரிக்க வேண்டியிருந்தது என்பதுதான் இதில் உறுத்தும் விஷயம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் பகல்நேரச் சுமையைச் சூரிய மின்சாரம் ஏற்றால் அந்த முரண்பாடு குறையும், சாயமேற்றும் செலவும் குறையும். இந்தத் தொழிலில் சோலாருக்கு முதலிடம் கொடுக்க வேண்டிய இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

ஜெனரேட்டரையும் சொல்லிவிடலாம். ஒரு லிட்டர் டீசலில் 3 முதல் 3.5 யூனிட் கிடைக்கும், 2.7 கிலோ அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு வரும். அந்தப் புகை தொழிற்சாலை வாசலிலேயே, வேலை பார்ப்பவர்கள் மூச்சில் கலக்கிறது. மின்தடை நேரத்தில் சோலாரையும் ஜெனரேட்டரையும் சேர்த்து ஓட்டும் ஏற்பாட்டுக்குச் செலவு செய்யும் நிறுவனங்கள் குறைவு. அந்தச் செலவு வீண் போகாது.

## "100 சதவீதம்" எப்படி வருகிறது?

கொச்சி சர்வதேச விமான நிலையம் நல்ல எடுத்துக்காட்டு. 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் (12,000 கிலோவாட்) சோலார் பூங்காவைத் தொடங்கி, முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயரை வாங்கியது. 2018-ல் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் விருதும் கிடைத்தது. அங்கே இரவிலும் விமானங்கள் இறங்குகின்றன. எப்படி? பகலில் தேவைக்கு மேல் உற்பத்தியானதை கேரள மின்வாரியக் கட்டமைப்புக்குக் கொடுத்துவிட்டு, இரவில் அதே கட்டமைப்பிலிருந்து எடுக்கிறார்கள். ஆண்டு முடிவில் கொடுத்ததும் எடுத்ததும் நேராகிவிடுகிறது. இரவில் விளக்கை எரிப்பது நீர், அனல் என்று எது ஓடுகிறதோ அந்த மின்சாரம்தான்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பகலில் அவர்கள் கொடுத்த யூனிட் வேறெங்கோ எரிய வேண்டிய எரிபொருளைக் குறைத்திருக்கிறது. பேனல்களுக்கு இடையில் காய்கறி பயிரிட்டு, கழுவும் நீரையே பாசனத்துக்கும் விட்டது அங்கே கிடைத்த கூடுதல் நன்மை. ஆனால் எல்லா நிறுவனங்களும் இப்படியே செய்தால், நண்பகலில் மின்சாரம் உபரியாகவும் மாலை ஏழு மணிக்குப் பற்றாக்குறையாகவும் நிற்கும். மத்திய அரசு 2023-ல் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, சூரிய ஒளி நேரத்துக்குக் குறைந்த கட்டணமும் உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணமும் வைக்கச் சொன்னது இந்தக் காரணத்தால்தான். சூரிய ஒளி நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் மலிவாக இருக்க வேண்டும் என்பது அதன் அளவு. மாலையில் செய்யும் வேலைகளில் நேரம் மாற்றக்கூடியவற்றைப் பகலுக்குக் கொண்டுவரும் நிறுவனம், பேனல் போட்டுவிட்டுப் பழைய அட்டவணையிலேயே ஓடும் நிறுவனத்தைவிட நிலக்கரியை அதிகம் குறைக்கிறது.

## வாங்கும் வழி எதுவோ, பலனும் அப்படியே

நிறுவனங்கள் சூரிய மின்சாரத்தைப் பெறும் வழிகள் பல. சுற்றுச்சூழல் பலன் கூடுதலாக உள்ளதிலிருந்து குறைவானதற்கு இப்படி வரிசைப்படுத்துவேன்.

1. சொந்தக் கூரை. புதிதாக நிலம் வேண்டாம். உற்பத்தியான இடத்திலேயே செலவாவதால் கம்பியில் இழப்பு மிகக் குறைவு. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு உள்ளது போல யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் வசதி பெரும்பாலான தொழில் இணைப்புகளுக்குக் கிடையாது. மிச்சத்தை ஈ.பி.க்குக் கொடுத்தால் கிடைக்கும் விலை குறைவு. எனவே பகல் சுமைக்கு ஏற்ற அளவில் போடுவதே சரி.

2. தொலைவிலுள்ள சோலார் பண்ணையில் பங்கு. இதுதான் கேப்டிவ் முறை. 2005-ம் ஆண்டு மின்சார விதிகளின்படி, மின்சாரத்தைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும், உற்பத்தியில் 51 சதவீதமாவது அவர்களே பயன்படுத்த வேண்டும். கொங்கு மண்டல ஆலைகளுக்கு இது புதிதல்ல. முப்பந்தல் பக்கம் 1990-களிலேயே காற்றாலை நிறுவிய அனுபவம் அவர்களுக்கு உண்டு.

3. பங்கு இல்லாமல் நேரடியாக வாங்குவது. இதற்கு ஓப்பன் ஆக்சஸ் என்று பெயர். 2022 ஜூன் விதிகள் இதற்கான குறைந்தபட்ச அளவை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாகக் குறைத்தன. சிறிய நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது அப்போதுதான்.

4. சான்றிதழ் வாங்குவது. எங்கோ உற்பத்தியான 1,000 யூனிட் பசுமை மின்சாரத்துக்கு ஒரு சான்றிதழ் என்ற கணக்கில் வாங்கிக்கொள்வது. நிறுவனத்தின் சொந்தக் கூரையிலோ வேலை நேரத்திலோ எதுவும் மாறாது. ஒரே யூனிட்டுக்கு இருவர் உரிமை கொண்டாடவில்லை என்று உறுதிப்படுத்துவது அவசியம்.

இரண்டாவது, மூன்றாவது வழிகளில் நிலம் என்ற கேள்வி வருகிறது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் தொடங்கிய 648 மெகாவாட் சோலார் பண்ணை சுமார் 2,500 ஏக்கர். வறண்ட பூமிதானே என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. மானாவாரி நிலம் ஆடு மேய்ப்பவருக்கு மேய்ச்சல் காடு. மழை பெய்த ஆண்டில் அது மிளகாயும் சிறுதானியமும் விளைகிற இடம். பட்டா இருப்பவருக்குப் பணம் கிடைக்கும். பட்டா இல்லாமல் அந்த நிலத்தை நம்பி வாழ்ந்தவருக்கு எதுவும் கிடைக்காது. கூரைகள் நிறைந்த பிறகுதான் நிலத்துக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

## ஆட்களுக்குக் கிடைப்பது

முதலாவது, வேலை. டெல்லியிலுள்ள சி.இ.இ.டபிள்யூ. ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில், ஒரு மெகாவாட் கூரைச் சோலார் சுமார் 25 ஆள்-ஆண்டு (ஒருவருக்கு ஓராண்டு வேலை என்றால் ஓர் ஆள்-ஆண்டு) வேலை தருகிறது. அதே அளவு தரைமட்டப் பண்ணை தருவது 3.5 மட்டுமே. கூரை ஒவ்வொன்றும் தனி வேலை என்பதால் அளவெடுப்பவர், கம்பி இழுப்பவர், வெல்டர், பராமரிப்பவர் எல்லோரும் அந்தந்த ஊரிலேயே வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீசியன் படித்தவருக்கு உள்ளூரிலேயே கிடைக்கும் வேலை இது. பேனல் தயாரிப்பும் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. திருநெல்வேலி அருகே கங்கைகொண்டானில் டாடா பவரின் 4.3 ஜிகாவாட் ஆலையில் பணியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் ஆலை, சென்னையின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கிடைக்கும் நீரில் இயங்குகிறது.

இரண்டாவது, கூரைக்குக் கீழே வெப்பம். தகரக் கூரையின் கீழ் ஏப்ரல் மாதத்தில் தைப்பவர்கள் படும் பாடு சொல்லி மாளாது. பேனல் கூரைக்கு நிழல் போடுவதாலும், இடையில் காற்று புகுவதாலும், உள்ளே இறங்கும் சூடு குறைகிறது. நிறுவனங்களின் அறிக்கையில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. வேலை செய்பவரின் உடலுக்கு இதுதான் நேரடிப் பலன்.

ஆனால் அதே கூரையில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆள் எடையைத் தாங்காது. அதன் மேல் ஏறிப் பேனல் பொருத்துவதும் கழுவுவதும் உயிரோடு விளையாடுவது. நடைபாதைப் பலகையும் இடுப்புக் கயிறும் இல்லாமல் ஆளை மேலே அனுப்பும் நிறுவனம் சமூக நன்மை பற்றிப் பேசத் தகுதியில்லாதது.

மூன்றாவது, ஆர்டர். ஒரு பிராண்டின் கார்பன் கணக்கில், அதற்குத் தைத்துக் கொடுக்கும் தொழிற்சாலையின் மின்சாரமும் சேரும். அதனால்தான் வெளிநாட்டு வாங்குவோர் கேள்வித்தாள் அனுப்புகிறார்கள். இந்தியாவிலும் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூக அறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. இதோடு, இறக்குமதிப் பொருளின் தயாரிப்பில் வெளியான கார்பனுக்காக ஐரோப்பா விதிக்கும் எல்லைக் கார்பன் வரியைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். அந்த வரி இப்போது இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்குத்தான். பனியனுக்கு இல்லை. பின்னலாடைக்கு இன்றுள்ள நெருக்கடி வாங்குவோரிடமிருந்து வருவது.

## ஈ.பி.யின் பக்கம்

உயரழுத்தத் தொழில் இணைப்பு யூனிட்டுக்கு ரூ.7-க்கு மேல் கட்டுகிறது. கூரைச் சோலாரின் வாழ்நாள் செலவு அதில் ஏறக்குறைய பாதி. ஆகவே நிறுவனம் மாறுவதில் வியப்பில்லை. ஆனால் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், விவசாய பம்புக்கு இலவசம், விசைத்தறிக்கு 1,000 யூனிட் இலவசம் என்பதெல்லாம் அரசு மானியத்தோடு, தொழில் நுகர்வோர் கூடுதலாகக் கட்டும் பணத்தையும் நம்பி நிற்பவை. நன்றாகக் கட்டுபவர் விலகினால் சுமை மற்றவர் மேல் ஏறும்.

இதை ஈடுகட்டத்தான், கூரைச் சோலார் வைத்திருப்பவர் மின்கட்டமைப்புக்காக யூனிட் கணக்கில் கட்டும் நெட்வொர்க் கட்டணம் 2021-ல் வந்தது. சிறுதொழில் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. 2023 இறுதியில் தாழ்வழுத்தச் சிறுதொழில்களுக்கு அதைப் பாதியாகக் குறைப்பதாக அரசு அறிவித்தது. கட்டமைப்பைப் பயன்படுத்துபவர் அதற்குப் பணம் தருவது நியாயம். இரவில் அவர்களுக்குக் கைகொடுப்பது அந்தக் கம்பிதான். ஆனால் தன் கூரையில் விளைந்து தன் இயந்திரத்திலேயே செலவான, கம்பியைத் தொடாத யூனிட்டுக்கும் கட்டணம் கேட்டால், மேலே சொன்ன நான்கு வழிகளில் மிகச் சிறந்ததைத்தான் அது தடுக்கிறது.

## 25 ஆண்டுக்குப் பிறகு

பேனலில் பெரும்பகுதி கண்ணாடியும் அலுமினியமும். கொஞ்சம் வெள்ளி, செம்பு, சாலிடரில் ஈயம். உடைந்த பேனல் குப்பைமேட்டுக்குப் போனால் ஈயம் மண்ணில் இறங்கும். 2022-ம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள் சோலார் பேனலையும் சேர்த்துக்கொண்டு, அவற்றைத் திரும்பப் பெற்றுச் சேமிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்தன. நடைமுறையில் புயலிலும் ஆலங்கட்டியிலும் உடைவது, கூரை மாற்றும்போது கழற்றுவது என்று பேனல்கள் 25 ஆண்டு வரை காத்திருப்பதில்லை. காயலான் கடைக்காரர் அலுமினியச் சட்டத்தை மட்டும் உரித்துக்கொண்டு மீதியை வீசிவிடுவார்.

எனவே பேனல் வாங்கும் ஒப்பந்தத்திலேயே மூன்று விஷயங்களை எழுதி வாங்கலாம்: உடைந்த பேனலை யார் எடுத்துச் செல்வது, அதற்கான செலவு யாருடையது, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்த ரசீது எத்தனை நாளில் வரும்.